பாலின்டாவாக் எஸ்கிரிமா: குத்துவாளை விட்ட இடக்கைக்கு என்ன வேலை?

குறுந்தடி:
எஸ்கிரிமா என்பது பிலிப்பைன்ஸின் தடி, வாள் சண்டைக்கலை. பழைய எஸ்கிரிமாவில் வலக்கையில் வாளோ தடியோ, இடக்கையில் குத்துவாள் (எஸ்பாடா இ டாகா). அங்கே செபு தீவில் தோன்றிய பாலின்டாவாக் பாணியிலோ ஒற்றைத் தடிதான். இந்த மாற்றம் எப்படி வந்தது? பயிற்சியில் இடக்கை விரல்களிலேயே அடி விழுவது ஏன்?

செபுவழி:
1932இல் கன்யேட்டே, சாவேத்ரா குடும்பத்தார் செபுவில் டோசே பாரெஸ் என்ற எஸ்கிரிமா சங்கத்தைத் தொடங்கினார்கள். அதில் இருந்த வெனான்சியோ பாகோன் பிரிந்து வந்து 1952இல் தன் பள்ளியை அமைத்தார். பயிற்சி நடந்த தெருவின் பெயரே பாணிக்கும் நிலைத்தது. நெருங்கி நின்று மோதும்போது இரண்டு ஆயுதங்களைவிட ஒரு தடியும் ஒரு வெறுங்கையும் மேல் என்பது அவர் முடிவு. குத்துவாள் பிடித்த கையால் எதிராளியின் மணிக்கட்டைப் பற்ற முடியாது, முழங்கையைத் தள்ளவும் வராது. வெறுங்கைக்கு இரண்டும் முடியும்.

விரலில் அடி விழுவதற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான்: தடிக்கு முன்னால் கை போய்விடுகிறது. எதிராளியின் முதல் அடி உங்கள் தலையின் இடப்பக்கத்துக்கு வருகிறது என்று வையுங்கள். முதலில் உங்கள் தடி அதைத் தடுக்க வேண்டும். அதன் பின்னாலேயே இடக்கை போய் அவர் மணிக்கட்டின் மேல் அமர வேண்டும். அப்போதுதான் உங்கள் தடி திருப்பி அடிக்க விடுபடும். உங்கள் அடி இறங்கும் முன்பே கையை எடுத்தால் அவருடைய இரண்டாவது அடி வந்துவிடும். வேலை இல்லாதபோது இடக்கை நெஞ்சுக்கு முன்னால் நிற்கட்டும்; இடுப்பில் தொங்க விடாதீர்கள்.

பிரம்பு28:
தடியையும் பாருங்கள். 28 அங்குலப் பிரம்பு, சுமார் 2.5 செ.மீ. பருமன் போதும். தடியின் கீழ்முனையில் மூன்று நான்கு விரல் அகலம் விட்டுப் பிடியுங்கள். அந்தப் பகுதிதான் புன்யோ. அது நீண்டால் நெருக்கத்தில் சொந்த முன்கையிலேயே இடிக்கும். குறைந்தால் எதிராளியின் கையைக் கொக்கி போட்டு இழுக்க வராது. கட்டைவிரலைத் தடியின் மேல் நீட்டி வைக்காதீர்கள், ஒரு முறுக்கில் தடி பறிபோகும். பிரம்பு நார்நாராகத்தான் பிரியும். கமகோங் என்ற கடின மரத்தில் செய்த தடி உடைந்தால் கூர்ச்சில்லுகள் தெறிக்கும். ஜோடிப் பயிற்சிக்கு அது வேண்டாம்.

குறுந்தடி:
எதிராளியின் தடியையே பற்றலாமா?

செபுவழி:
தடிச் சண்டையில் பற்றலாம். வாளாக நினைத்துப் பயின்றால் மணிக்கட்டை மட்டும் தொடுங்கள். தொடக்கத்தில் ‘அகாக்’ முறையே நல்லது: ஆசிரியர் பன்னிரண்டு அடிகளையும் மெதுவாகக் கொடுப்பார், மாணவர் தடுத்துத் திருப்பி அடிப்பார். வரிசை பழகியபின் கலைத்துக் கொடுப்பார். வேகம் கடைசியில்தான் வர வேண்டும்.

பிரம்பு28:
அடுத்த மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு பயிற்சியிலேயே கையைக் குறிவைத்து அடிப்பார்கள், புதியவர்கள் ஓடிவிடுவார்கள். பாலின்டாவாக் கற்ற ரெமி பிரேசாஸ் தன் மாடர்ன் ஆர்னிஸில் (ஆர்னிஸ் என்பது எஸ்கிரிமாவின் இன்னொரு பெயர்) தடியும் தடியும் மோதும்படி மாற்றினார். இடக்கையின் வேலை அங்கே தாப்பி-தாப்பி என்ற, எதிராளியின் கையைத் தட்டித் தடுக்கும் ஜோடிப் பயிற்சியாகத் தொடர்கிறது. ஆனால் தடியையே அடித்துப் பழகியவர்களுக்குத் தூரக் கணக்கு தவறிவிடும், எதிராளியின் கைக்கு எட்டாமல் அடிப்பார்கள். கவசப் போட்டியில் வேறு சிக்கல்: தலைக்கவசத்தை நம்பித் தடுப்பதையே விட்டுவிட்டு அடிகளை அடுக்குகிறார்கள். 2009இல் பிலிப்பைன்ஸின் குடியரசுச் சட்டம் 9850 ஆர்னிஸைத் தேசிய விளையாட்டாக்கியது. போட்டிக்குப் போகிறவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது கவசமில்லாமல், மெதுவாக, இடக்கைப் பயிற்சியை மட்டும் செய்ய வேண்டும்.