பாலூட்டி மூளையை வளர்த்தது மூக்கா?

கல்மேடு:
2011இல் டிமோத்தி ரோவும் மற்ற இருவரும் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையை வைத்துக்கொண்டு, "மோப்பமும் தொடுவுணர்வும்தான் பாலூட்டி மூளையை முதலில் வளர்த்தன" என்று எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். கிடைத்தது மூளையா? மண்டையோட்டுக்குள் இருக்கும் வெற்றிடம்தானே!

இளவேனில்:
பல்லி, ஆமை மண்டை என்றால் நீங்கள் சொல்வது சரி. அவற்றில் மூளையைச் சுற்றி நிறைய இடம் காலியாக இருக்கும். பாலூட்டிகளில் மூளை கிட்டத்தட்ட முழுக்க அடைத்துக்கொண்டிருப்பதால், அதன் வடிவம் எலும்பின் உட்புறத்தில் பதிந்துவிடும். சீனாவில் யுன்னான் மாகாணத்து லுஃபெங் பாறைகளில் கிடைத்த, மோர்கனுகோடான் என்ற ஆதிகாலப் பாலூட்டி உறவினத்தின் மண்டையை உடைக்காமல் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். முன்னால் மோப்பத்தைக் கவனிக்கும், புடைத்த இரண்டு நுகர்குமிழ்கள், பின்னால் அகன்ற சிறுமூளை. உடல் எடையோடு ஒப்பிட்டால், பாலூட்டிகள் கிளைத்த மூதாதைக் கூட்டமான முந்தைய சினோடோன்ட்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மூளை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கல்மேடு:
அப்புறம் ஹாட்ரோகோடியம் என்ற இன்னொரு ஆதிகால உறவினத்தையும் இழுப்பீர்கள். மண்டையோடு 12 மி.மீ., ஒரு புளியங்கொட்டை அளவு. எடை 2 கிராம் என்பதே கணிப்பு. அதுவும் ஒரே ஒரு மண்டை. குட்டியாக இருந்தால்? குட்டிகளுக்குத் தலை பெரிதாகத்தான் இருக்கும்.

இளவேனில்:
2001இல் அதை விவரித்தவர்களே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். கோரைப்பல்லுக்குப் பின்னால் பெரிய இடைவெளி இருக்கிறது. முன்பக்கக் கடைவாய்ப் பற்கள் விழுந்து வளர்ந்த விலங்கில்தான் அப்படி வரும்.

பாண்டி:
இரண்டு பேரும் மூளை ஒரே ஏறுமுகமாக வளர்ந்ததாக நினைத்துப் பேசுகிறீர்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த பிறகு என்ன நடந்தது? 2022இல் ஆர்னெல்லா பெர்ட்ராண்ட் குழு வெளியிட்ட ஆய்வின்படி, முதலில் உடம்புதான் பெருத்தது. மூளை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. விகிதத்தில் சிறுத்தே போனது. மூளையின் மேலடுக்கான நியோகார்டெக்ஸ் நன்றாக விரிந்தது, சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இயோசீன் காலத்தில்தான்.

இளவேனில்:
பாண்டி, அது வேறு கதை. நாங்கள் பேசுவது அதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தைய தொடக்கத்தை.

கல்மேடு:
சரி, நுகர்குமிழை விட்டுத்தருகிறேன், அது கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் ரோமம் வழியாகத் தொடுவுணர்வு கூர்மையானது என்ற பாதி? மோர்கனுகோடானில் ரோமத்தைப் பார்த்தவர் யார்?

இளவேனில்:
காஸ்டோரோகாடா என்ற பழைய பாலூட்டி உறவினத்தின் புதைபடிவத்தில் ரோமம் அப்படியே பதிந்திருக்கிறதே! அதுவும் இன்றைய பாலூட்டிக் கூட்டத்துக்கு வெளியே நிற்பதுதான்.

கல்மேடு:
அது மோர்கனுகோடானுக்குச் சுமார் 3 கோடி ஆண்டுகள் பின்னால் வந்தது. பேரனுக்கு மீசை இருந்தால் தாத்தாவுக்கும் இருந்தது என்று எழுதிக்கொடுக்க என்னால் முடியாது.