கனடாவில எங்கட மாமாட கேஸ் ஓகே ஆன கதை

கனடா போன ஆக்கள்ட அனுபவம் கேட்டிருந்தீங்க, நான் எங்கட மாமாட கதைய சொல்றன். ஆள் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடி, 1990 சண்டைக்குப் பிறகு போய் அகதிக் கேஸ் போட்டவர். ஹியரிங்ல, அதாவது கேஸ நேர இருத்தி விசாரிக்கக்குள்ள, "மட்டக்களப்பு டவுன்ல இருந்து உங்கட வீட்டுக்கு எப்படிப் போவீங்க" எண்டு கேட்டாங்களாம், மனுசன் கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை எண்டு பஸ் கண்டக்டர் மாதிரி அடுக்கி, எங்கெங்க செக்பொயின்ட் இருந்தது, எங்க இறக்கி நடக்க விடுவாங்க எண்டது வரைக்கும் சொல்ல, மொழிபெயர்க்க வந்தவர் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க எண்டு கெஞ்சினாராம். கேஸ் ஓகே.

அப்படி நேர இருத்திக் கேக்கிற உரிமையே 1985லதான் வந்தது தெரியுமா? அதுக்கு முதல் அதிகாரி எழுதி எடுத்த வாக்குமூலத்த ஒட்டாவாக்கு அனுப்புவாங்க, முடிவெடுக்கிறவர் உங்கட முகத்தையே காணமாட்டார். சில சீக்கியர்கள் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், சிட்டிசன் இல்லாத ஆளுக்கும் நேர நிண்டு தன்ட பக்கத்த சொல்ல இடம் குடுக்கோணும் எண்டு தீர்ப்பு எடுத்தாங்க. 1914ல கோமகாட்டா மாரு கப்பல்ல வந்த, கூடுதலா பஞ்சாபிகளான 376 பேர்ல முக்காவாசிக்கு மேல திருப்பி அனுப்பின அதே நாட்டில, அந்தப் பஞ்சாபிச் சனத்தின்ட கேசாலதான் எங்கட ஆக்களுக்கும் வழி திறந்தது. எனக்கு இத நினைக்கக்குள்ள உண்மையா நெஞ்சு நிறையும். 1989ல அகதிக் கேஸ் விசாரிக்க தனிச் சபையும் வந்தது.

பிறகு மாமா அரசாங்கம் இலவசமா நடத்தின இங்கிலிஸ் வகுப்புக்குப் போனவர், பகல் வேலை, இரவு படிப்பு. ஜனவரிய தமிழ் மரபு மாதமா 2016ல பார்லிமென்ட் ஏத்துக்கொண்டது சந்தோசம்தான், ஆனா என்னக் கேட்டா ஒராள அந்த நாட்டுக்காரனா ஆக்கினது அந்த வகுப்புதான்.

எப்பவும் இப்படியே இருக்கல்ல. 2010ல சன் சீ கப்பல்ல போன எங்கட தமிழாக்கள் 492 பேரையும் உள்ளுக்குப் போட்டாங்க, 2012ல சட்டத்தையும் இறுக்கினாங்க, அப்படிக் கூட்டமா கப்பல்ல வாற ஆக்களுக்கு அகதி எண்டு ஏத்துக்கொண்டாலும் அஞ்சு வருசத்துக்கு பிஆர் (நிரந்தர வதிவிடம்) கேக்க ஏலாது, குடும்பத்தக் கூப்பிடவும் ஏலாது. இப்ப என்ட தம்பி வயசு, படிப்பு, இங்கிலிஸ் எண்டு புள்ளி கூட்டி, புள்ளி பாத்து ஆள் எடுக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில போட்டுட்டு இரிக்கான், 2025க்கு 500,000 பேருக்கு பிஆர் குடுக்கிற எண்டிருந்தத 395,000 ஆக்கிட்டாங்க.

2012க்குப் பிறகு ஹியரிங் போன ஆக்கள் யாரும் இருந்தா என்னென்ன கேட்டாங்க எண்டு எழுதுங்க, இங்க கனபேர் ஏஜென்ட்மார்ட கதைய நம்பிக் காணி ஈடு வைக்கிறாங்க.