‘பட்டி காப்’ படங்களுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் 1987இல் வெளிவந்த ‘லீத்தல் வெப்பன்’ படத்தைத் திரையிட்டு, அதன் வகைமை பற்றிப் பேசவிருக்கிறேன். மாறுபட்ட இயல்புடைய இருவர் இணைந்து குற்றம் துப்பறியும் காவல்துறைப் படங்களை ஆங்கிலத்தில் ‘பட்டி காப்’ (buddy cop) என்பர். கையேட்டில் அப்படியே எழுதினால் ஆட்டுப்பட்டியைக் காக்கும் கதை என்று மாணவர் எண்ணிவிடுவர். ‘தோழக் காவலர் படம்’ என எழுதிவைத்திருந்தேன். படத்தை மீண்டும் பார்த்தபின் அது ஒட்டவில்லை. படத்தின் இரு காவலர்களுள் ஒருவரான மர்டாக், காவல் நிலையத்தில் மற்றவரான ரிக்ஸின் கையில் துப்பாக்கியைக் கண்டு, அவரைக் குற்றவாளி என்று கருதிப் பாய்ந்து, மறுநொடி தரையில் மல்லாந்து கிடக்கிறார். இனி இவர்தான் உம்முடைய கூட்டாளி என்பது அதன்பிறகே தெரியவருகிறது. தன்னைச் சுட்டுக்கொள்வதற்கென்று வைத்திருந்த தோட்டாவை ரிக்ஸ் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்துவிடும் இறுதிக் காட்சியில் கைகூடும் தோழமையை, வகைமையின் பெயரிலேயே முன்கூட்டி வழங்கிவிடலாமா?

*

ஐயா, ‘பாங்கன்’ இருக்கப் புதுச்சொல் எதற்கு? அகத்திணையில் தலைவனைக் கழறி, அதாவது இடித்துரைத்து, திருத்த முயலும் தோழன் பாங்கன். குறுந்தொகை 58இல் தலைவன் ‘இடிக்கும் கேளிர்’ என்று விளிப்பதும் அத்தகையோரைத்தான். ரிக்ஸின் கண்மூடித் துணிவை மர்டாக் கடியும் காட்சிகள் யாவும் பாங்கன் கழறலே. ‘பாங்கர் படம்’ என்க.

*

‘பாங்கர் படம்’ என்று அச்சிட்டால் வங்கிக்காரரைப் பற்றிய படம் என்றுதான் இன்று படிப்பார்கள். ‘கூட்டாளி’யை நாளிதழ்கள் திருடனுக்குக் கொடுத்துவிட்டன; ‘துணைக் காவலர்’ என்றால் பதவிப்பெயர் போலாகிவிடும். நான்கு சீர் கொண்ட அளவடியின் முதலிரு சீர்கள் சொல்லாலோ பொருளாலோ முரண்பட்டு நிற்பதை யாப்பில் இணைமுரண் என்கிறோம். அடுத்தடுத்து நின்றாக வேண்டும், ஆனால் ஒத்துப்போகக் கூடாது என்பதுதானே இப்படங்களின் இலக்கணமும்? ‘இணைமுரண் காவலர் படம்’ என்பது என் பரிந்துரை.

*

சொல் அழகாக இருக்கிறது. ஆனால் தொடையிலக்கணம் நடத்திவிட்டுத்தான் படம் போட வேண்டியிருக்கும். மேலும், இவ்வகைக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் வால்டர் ஹில்லின் ‘48 ஹவர்ஸ்’ (1982) படத்தில் நிக் நோல்ட்டி மட்டுமே காவலர். எடி மர்ஃபி 48 மணி நேரத்துக்குச் சிறையிலிருந்து வெளியே அழைத்துவரப்பட்ட கைதி. ‘காவலர்’ என்று இருவரையும் எப்படிச் சேர்த்துச் சொல்வீர்கள்? அதற்குக் ‘கூட்டாளி’யே பொருந்தும், திருடனும் இருக்கிறானே! ‘கூட்டாளி போலீஸ் படம்’ என்றால் எவருக்கும் விளங்கும். ‘போலீஸ்’ பிறமொழிச் சொல் என்பவர்கள் தெருவில் எந்தச் சொல்லைக் கூவி உதவி கேட்பார்கள் என்று அறிய ஆவல்.

*

அனைவருக்கும் நன்றி. கையேடு இன்றிரவு அச்சுக்குப் போகிறது. மடலிட்டவர்களுள் பலர் ஓரளவு ஒத்துக்கொண்ட ‘இணைக்காவலர் படம்’ என்பதையே இட்டு, ‘48 ஹவர்ஸ்’ படத்தை விதிவிலக்காகக் குறித்திருக்கிறேன். முரணை விட்டுவிட்டது எனக்கே உறுத்துகிறது.

*

இணை சரி, ஐயா. இடித்துரைப்பது எங்கே போயிற்று? அடுத்த பதிப்பில் பாங்கனைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.