வலியில்லாத புண் தானாக ஆறி வருகிறது: பரிசோதனை அவசியமா?

தனிவழி (கேள்வி):
வணக்கம். ஆணுறை இல்லாமல் உறவு கொண்ட சுமார் மூன்று வாரம் கழித்து, ஆணுறுப்பின் நுனித்தோலுக்கு அடியில் ஒரே ஒரு புண் தென்பட்டது. வலியோ அரிப்போ சீழோ இல்லை; ஆனால் விரலால் தடவினால் சட்டைப் பொத்தானைத் தொடுவதுபோல் அடிப்பகுதி கெட்டியாக இருக்கிறது. கவட்டின் இரு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது, அதிலும் வலி இல்லை. இப்போது புண் பாதிக்கு மேல் ஆறிவிட்டது. மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார்கள், இன்னும் தடவவில்லை. வலியே இல்லாமல் தானாக ஆறுகிற புண்ணுக்கு மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா?

மருதம்:
பால்வினை நோய்ப் பிரிவில் பணிபுரிகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவசியம் போக வேண்டும், அதுவும் புண் முழுவதும் ஆறுவதற்குள் போனால் நல்லது. நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், ஒற்றைப் புண், வலியின்மை, கெட்டியான அடிப்பகுதி, வலியில்லாத நெறி, மூன்று வார இடைவெளி ஆகிய ஐந்தும் சேர்ந்து வந்தால் எந்த மருத்துவரும் முதலில் சிபிலிஸ் நோயைத்தான் நினைப்பார். கிருமி தொற்றிய 10 முதல் 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தை ஒட்டி, இந்தப் புண் தோன்றும். சிகிச்சையே இல்லாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். ஆறுவது புண் மட்டுமே. கிருமி அதற்குள் இரத்தத்தில் கலந்திருக்கும். சில வாரங்கள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத செந்தடிப்புகளும் காய்ச்சலும் தொண்டை வலியுமாக அது மீண்டும் தலைகாட்டும். அந்தத் தடிப்பும் தானாக மறைந்துவிடுவதால், பலர் ஒவ்வாமை என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். அதன்பின் ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்து, சிலருக்கு இதயத்தையும் மூளையையும் தாக்குகிறது.

வலி அதிகமானால்தான் ஆபத்து என்ற கணக்கு இங்கே செல்லாது. நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக எழும்பி, உடைந்து, ஆடை பட்டாலே எரிகிறது என்றால் அது ஹெர்பிஸாக இருக்கலாம். அது மீண்டும் மீண்டும் வந்து தொல்லை கொடுக்கும், ஆனால் வலி காரணமாகவே நோயாளி விரைவில் மருத்துவரிடம் வந்துவிடுவார். உறவுக்குப்பின் ஒரு வாரத்துக்குள் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் மஞ்சள் நிறச் சீழும் வந்தால் கொனோரியா என்ற சந்தேகம் எழும். ஆணுறுப்பு மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக இருக்கும் மிகச் சிறிய முத்துப் பருக்களைப் பார்த்துப் பயந்து வருபவர்களும் உண்டு. அவை நோயே அல்ல.

அந்தக் களிம்பைத் தடவாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு புண்ணின் தோற்றத்தையே மாற்றிவிடும், பிறகு பார்ப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

நுண்ணோக்கி:
ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வதால் ஒன்றைச் சேர்க்கிறேன். புண் தோன்றிய தொடக்கத்தில் சிபிலிஸுக்கான விடிஆர்எல் இரத்தப் பரிசோதனை எதிர்மறையாக, அதாவது நோய் இல்லை என்று, வருவது உண்டு. அந்தத் தாளை வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடாமல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் பார்க்க வேண்டும். புண்ணின் கசிவிலிருந்தே மாதிரி எடுக்க வசதியுள்ள இடமென்றால் இன்னும் தெளிவாகத் தெரியும். எச்.ஐ.வி. பரிசோதனையையும் சேர்த்தே செய்துகொள்ளுங்கள். சிரை இரத்தத்தில் ஆன்டிஜெனையும் (கிருமியின் கூறு) ஆன்டிபாடியையும் (அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருள்) சேர்த்துப் பார்க்கும் முறையில், உறவு கொண்ட 45 நாளுக்குப் பிந்தைய முடிவை நம்பலாம். ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் முறை என்றால் 90 நாள் வரை ஆகலாம். கிளமிடியா (இதுவும் ஒரு பால்வினைத் தொற்று), கொனோரியா சோதனைக்குச் சிறுநீர் கேட்டால், அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் பகுதியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுச் சோதனைக்குக் கொடுத்த பழக்கத்தில் நடுப்பகுதியைப் பிடித்துத் தருபவர்களும் உண்டு.

செங்காந்தள்:
உங்களுடன் உறவு கொண்டவரைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. பெண்ணுக்கு இதே புண் கருப்பை வாயில் வந்தால் கண்ணுக்கும் தெரியாது, வலியும் இராது. கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருப்பதில்லை. வெள்ளைப்படுதலின் நிறமோ நாற்றமோ மாறுவது, உறவுக்குப்பின் இரத்தக் கசிவு, அடிவயிற்று வலி என்று தெரிய வரும்போது தொற்று கருக்குழாய் வரை ஏறியிருக்கக்கூடும். ஆகவே அவருக்கு ஒன்றுமில்லை என்று நீங்களாக முடிவு செய்யாமல், விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

தனிவழி:
மூவருக்கும் நன்றி. நாளையே போகிறேன். அவரிடமும் சொல்லிவிட்டேன், தனக்கு எந்த அறிகுறியும் இல்லை என்கிறார். சோதனையில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் விட்டுவிடலாமா? வீட்டில் அமாக்சிசிலின் மாத்திரை மிச்சம் இருக்கிறது, அதைத் தொடங்கலாமா?

மருதம்:
மாத்திரையைத் தொடாதீர்கள். அரைகுறை மருந்தால் நோய் போகாது, சோதனை முடிவும் மங்கிவிடும். சிபிலிஸ் உறுதியானால், கடந்த 90 நாளுக்குள் உறவு கொண்டவருக்குச் சோதனை எதிர்மறையாக இருந்தாலும் சிகிச்சை அளிப்பதே வழக்கம். ஆகையால் இருவரும் சேர்ந்தே போவது நல்லது. தொடக்க நிலையில் பென்சதீன் பென்சிலின் ஊசி பொதுவாக ஒரே தவணையில் முடிந்துவிடும். பென்சிலின் ஒவ்வாமை முன்பு இருந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் குளிர்காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். கிருமிகள் கூட்டமாக அழிவதால் வருவது அது, ஒரு நாளில் தணிந்துவிடும். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். சிகிச்சை முடிந்து புண் முழுவதும் ஆறி, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை உறவு வேண்டாம்.