காக்டெய்ல் சாஸில் ஊறுகாய் புத்தி: உங்களுக்கும் நடந்ததா?

ஹூஸ்டன் இறால்காரன்:
கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் நண்பர் வீட்டில் விருந்து. இறால் அவர் பொறுப்பு, அதைத் தொட்டுச் சாப்பிடுகிற காக்டெய்ல் சாஸ் என் பொறுப்பு. எதையும் கொஞ்சமாகச் செய்து பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. நான்கு கப் கெட்சப், முக்கால் கப் ஹார்ஸ்ராடிஷ் (மூக்கில் ஏறும் காரக் கிழங்கின் துருவல்), இரண்டு எலுமிச்சையின் சாறு, ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வூஸ்டர்ஷயர் சாஸ், டபாஸ்கோ மிளகாய் சாஸ் கண்ணளவு. கலக்கியதில் மூன்று பாட்டில் தேறியது. ஒன்றை எடுத்துப் போனேன். ஐஸ் மேல் அடுக்கிய கால்வெஸ்டன் இறாலைத் தொட்டுச் சாப்பிட்டவர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சினார்கள். பெருமையாக இருந்தது.

மற்ற இரண்டும் ஃப்ரிட்ஜுக்குள் போயின. ஆவக்காய் மாதிரி ஊற ஊற ருசி ஏறும் என்று என் கணக்கு. ஒன்றரை மாதம் கழித்து, அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டமான சூப்பர் பவுல் அன்று திறந்தேன். பூசணமும் இல்லை, கெட்ட வாடையும் இல்லை. காரமும் இல்லை! புளித்த கெட்சப் போலத்தான் இருந்தது. போதாக்குறைக்கு தகர மூடியின் உட்புறம் முழுக்கத் துரு. சாஸ் பட்ட விளிம்பில் பழுப்பாக ஒரு வளையம். இரண்டையும் கொட்டிவிட்டேன். எங்கே பிசகியது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செயின்ட் லூயிஸ்வாசி:
பிசகியது உங்கள் ஆவக்காய்க் கணக்குதான். மிளகாய்க் காரம் எங்கும் ஓடாது. ஹார்ஸ்ராடிஷ் காரம் ஆவியாகிற சரக்கு, அதனால்தான் நாக்கை விட்டுவிட்டு மூக்கில் ஏறுகிறது. முழுக் கிழங்கை முகர்ந்து பாருங்கள், ஒரு வாசமும் வராது. துருவும்போது செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த ஒரு நொதியும் இன்னொரு பொருளும் சேர்ந்த பிறகுதான் காரமே பிறக்கிறது. வினிகர் ஊற்றினால் அந்த வேலை நின்றுவிடும். துருவியவுடனே ஊற்றினால் சாதுவாக இருக்கும், இரண்டு மூன்று நிமிடம் விட்டு ஊற்றினால் உச்சந்தலை வரை போகும்.

ஆற்றைத் தாண்டினால் இல்லினாயில் காலின்ஸ்வில். ஹார்ஸ்ராடிஷின் உலகத் தலைநகரம் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ஊர். வருடா வருடம் கிழங்குக்குத் திருவிழாவே நடத்துகிறார்கள். அங்கிருந்து பச்சைக் கிழங்கு வாங்கி வந்து மிக்ஸியில் அடித்தேன். மூடியைத் திறந்து, சட்னி பார்க்கிற பழக்கத்தில் முகத்தைக் குனிந்து உள்ளே பார்த்தேன். அவ்வளவுதான். வெங்காயம் எல்லாம் இதற்குமுன் குழந்தை. பத்து நிமிடம் பால்கனியில் நின்றேன், ஜனவரிக் குளிரில், ஸ்வெட்டர் இல்லாமல்.

அதற்கப்புறம் சாஸாகக் கலந்து வைப்பதையே விட்டுவிட்டேன். வினிகரில் போட்ட துருவலைச் சின்னக் கண்ணாடி பாட்டிலில், பிளாஸ்டிக் மூடி போட்டு, ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வைக்கிறேன். கதவுத்தட்டில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். இரண்டு மூன்று மாதம் தாங்குகிறது. வெள்ளையாக இருந்தது பழுப்பானால் வீரியம் போய்விட்டது என்று அர்த்தம்.

எடிசன் அண்ணி:
நான் கடையில் அவசரத்தில் ‘ஹார்ஸ்ராடிஷ் சாஸ்’ என்று எழுதிய பாட்டிலை எடுத்து வந்துவிட்டேன். அது க்ரீம் சேர்த்தது, மாட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொள்வது. நமக்கு வேண்டியது வினிகரில் துருவிப் போட்ட வெறும் கிழங்கு. கெட்சப்பில் கலந்ததும் ரோஸ் பவுடர் போட்ட மாதிரி ஒரு நிறம். லண்டனிலிருந்து வந்திருந்த நாத்தனார் பார்த்துவிட்டு, “எங்க ஊர் மேரி ரோஸ் சாஸா?” என்றாள். அங்கே இறால் காக்டெய்லுக்கு மயோனைஸில் கெட்சப் கலந்ததுதானாம் சாஸ். சரி, ஆமாம் என்று சொல்லிப் பரிமாறிவிட்டேன்.

இன்னொன்று. இறால் சாப்பிடாத தோழி ஒருத்தி சிப்ஸை அதில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வூஸ்டர்ஷயரில் நெத்திலி வகை மீன் உண்டு என்பது எனக்குப் பாதியில்தான் உறைத்தது. சைவக்காரர்கள் வருகிற வீட்டில் அதை விட்டுவிடுங்கள், ருசி பெரிதாகக் குறையாது.

நியூ ஆர்லியன்ஸ் மாமா:
நீங்களெல்லாம் பாட்டிலில் அடைக்கிறீர்கள். இங்கே பச்சைச் சிப்பி பரிமாறும் ஆய்ஸ்டர் பாரில் நின்றால் பேப்பர் கிண்ணமும் கெட்சப்பும் ஹார்ஸ்ராடிஷும் டபாஸ்கோவும் எலுமிச்சைத் துண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவரவர் கிண்ணத்தில் அவரவரே கலக்க வேண்டும். முதல் தடவை போனபோது பக்கத்தில் நின்ற பெரியவர் என் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, கெட்சப் அதிகம் என்று தலையை ஆட்டினார். டபாஸ்கோவும் எங்கள் லூசியானா மாநிலத்துச் சரக்குதான், 1868 முதல் ஏவரி ஐலண்டில் செய்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. எலுமிச்சையும் டபாஸ்கோவும் பச்சைச் சிப்பியில் இருக்கிற கிருமியைக் கொன்றுவிடும் என்று இங்கேயே பலர் நம்புகிறார்கள். கொல்லாது. விப்ரியோ கிருமிக்கு வேக வைப்பதுதான் வழி. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் பச்சைச் சிப்பியைத் தொடவே வேண்டாம்.

அடையாறு திரும்பியவள்:
சென்னையில் ஹார்ஸ்ராடிஷுக்கு அலைந்து ஓய்ந்துவிட்டேன். டியூப் வசாபி வாங்கிக் கலந்தேன். அதிலும் பெரும்பாலும் இருப்பது பச்சை நிறம் போட்ட ஹார்ஸ்ராடிஷ்தான் என்பதால் காரம் சரியாகவே வந்தது. நிறம்தான் சேற்றுத் தண்ணீர். பிறகு கடுகுக்கு வந்தேன். கருங்கடுகிலும் அதே மூக்கேறும் காரம்தான். பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்து, பத்து நிமிடம் விட்டு வினிகர் சேர்க்க வேண்டும். வெந்நீர் விட்டால் காரம் பிறக்காது, கசப்புதான் மிஞ்சும். காசிமேட்டு இறாலுக்கு இது ஜோராக இருந்தது.

நம் முருங்கைக்கு ஆங்கிலத்தில் ‘ஹார்ஸ்ராடிஷ் மரம்’ என்றே ஒரு பெயர் உண்டு. அந்தக் காலத்தில் இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் அதன் வேரைத் துருவித் தொட்டுக்கொண்டார்கள். உற்சாகத்தில் கொல்லை மரத்தைத் தோண்டப் போனேன். மாமியார் தடுத்துவிட்டார். மரம் போய்விடுமே என்பது அவர் கவலை. வேர்ப்பட்டையில் நச்சு உண்டு என்பதைப் பிறகுதான் படித்தேன். நீங்களும் தோண்டாதீர்கள்.

ஹூஸ்டன் இறால்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இப்போது ஒரு கப் கெட்சப்புக்கு மேல் கலப்பதில்லை. இரண்டரை மேசைக்கரண்டி துருவல், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி வூஸ்டர்ஷயர், நான்கு சொட்டு டபாஸ்கோ. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்தால் சேர்ந்துகொள்கிறது. ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுகிறோம். கிண்ணத்தில் கொஞ்சம்தான் ஊற்றுகிறேன், கடித்த இறாலை மறுபடி தோய்ப்பவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். கிண்ணத்தில் மிஞ்சியது பாட்டிலுக்குத் திரும்பாது, குப்பைக்குத்தான்.

பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுகிறேன். போன மாதம் ஊரிலிருந்து வந்த அம்மா, தக்காளித் தொக்கு என்று நினைத்து தோசையில் ஒரு கரண்டி தடவிக்கொண்டார். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் நீர், பேச்சில்லை. பதறிப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். டம்ளரைத் தள்ளிவிட்டு, “நாலு நாளா அடைச்சிருந்த மூக்கு திறந்துடுச்சுடா” என்றார்.