மொறிஸ் மைனர் ஹோர்ன்: காலையில் 'டிக்' மட்டும், முடக்கில் அதுவும் இல்லை

தலவாக்கலை மைனர்:
வண்டி 1963 மொறிஸ் மைனர் 1000. லூகாஸ் ஹோர்ன், சார்ஜ் தர டைனமோ, இன்னும் பொசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இணைந்திருக்கிறது). பனி இறங்கிய காலையில் பட்டனை அமுக்கினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். வெயில் ஏறியதும் கம்மிய குரலில் அடிக்கிறது. ரம்பொடை மலைப்பாதையின் முடக்குகளில் (கடும் வளைவுகளில்) ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துக்கொண்டு அமுக்கினால் ஒன்றுமே இல்லை. பேட்டரி புதுசு, ஃபியூஸ் போகவில்லை. கராஜில் ஹோர்னை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பண்டாரவளை வயரிங்:
உடனே வாங்காதீர்கள். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு. ஸ்டீயரிங் திருப்பும்போது விட்டுப்போவது ஹோர்னின் குற்றமே இல்லை; புது ஹோர்ன் போட்டாலும் அது அப்படியே இருக்கும்.

இந்த வண்டியில் ஃபியூஸ் பெட்டியில் ஏ1, ஏ2 என்று குறித்த முனைகளுக்கு இடையிலுள்ள ஃபியூஸ் வழியாக ஹோர்னுக்கு எப்போதும் லைவ் (பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம்) நிற்கிறது. பட்டன் கொடுப்பது எர்த் மட்டும். அதனால் முதல் சோதனை சுலபம்: பட்டனுக்குப் போகும் வயரை ஹோர்னிலிருந்து கழற்றி, அந்த டெர்மினலிலிருந்து ஒரு தடித்த வயரைப் பேட்டரியின் எர்த் முனையில் ஒரு நொடி தொடுங்கள். உரக்க அடித்தால் ஹோர்ன் நல்லது, பட்டன் பக்கம்தான் பழுது. அப்போதும் 'டிக்' என்றால் மீட்டரை எடுங்கள். வயரைத் தொட்டபடி இருக்கும்போது ஹோர்னின் இரண்டு டெர்மினலுக்கும் இடையே 12 வோல்ட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டும். 11-க்குக் கீழே விழுந்தால் ஃபியூஸின் இரு பக்கமும் மீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே அரை வோல்ட் காட்டினாலும் ஃபியூஸ் கிளிப்பில் பச்சை பூத்திருக்கிறது என்று அர்த்தம். நம் பக்கத்து ஈரத்தில் முதலில் கெடுவது அதுதான். ஃபியூஸ் போகாமலிருப்பதால் அந்த இடம் நல்லது என்று ஆகாது.

முடக்குப் பிரச்சினைக்கு: கழற்றிய பட்டன் வயருக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை ஓம்ஸில் வையுங்கள். ஒருவர் பட்டனை அமுக்கிக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்பட்டும். அளவு 1 ஓமுக்குள் ஆடாமல் நிற்க வேண்டும். துள்ளினால், ஸ்டீயரிங் கொலத்தின் (ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் குழாயின்) உலோகத்திலிருந்து பாடிக்கு ஒரு வயரைத் தற்காலிகமாகப் பிடித்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் அதே இடத்தில் நிரந்தரமாக ஓர் எர்த் வயர் போதும். சரியாகாவிட்டால் பட்டனைக் கழற்றி ஸ்பிரிங்கையும் தொடுப்புகளையும் 400 நம்பர் எமரியால் தேய்த்து, வயர் எங்கே உரசித் தேய்ந்திருக்கிறது என்று தேடுங்கள்.

ஹட்டன் கராஜ்:
அண்ணே, அந்த 'டிக்' எதுக்குன்னா, கொயில் ஒருமுறை இழுக்குது, உள்ளே கரண்ட விட்டு விட்டு வெட்டுற தொடுப்பு, அதான் பொயின்ட், திரும்பப் பிரியல. அட்ஜஸ்ட் பண்ணிப் பாருங்க. டெர்மினலுக்குப் பக்கத்துல பல்லு வெட்டின சின்ன ஸ்குரூ இருக்கும். நடுவுல ஸ்லொட் வெட்டியிருக்கிறத மட்டும் தொடவே வேணாம், அது வேற. சின்ன ஸ்குரூவ இடப்பக்கமா, சத்தம் அப்பதான் நிக்கிற இடம் வரைக்கும் திருப்புங்க. பிறகு வலப்பக்கமா கால் சுற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு நொடிக்கு மேல அமுக்காதீங்க. பொயின்ட் பிரியாம நிக்கிறப்ப கரண்ட் ஏறி ஃபியூஸ் போயிடும், கொயிலும் சுடும். நல்ல ஹோர்ன் 3.5லேருந்து 4 ஆம்ப்தான் எடுக்கும். கையில பிடிச்சுக்கிட்டு டெஸ்ட் பண்ணாதீங்க. பிரெக்கெட்ட வைஸ்ல இறுக்கினாத்தான் உண்மையான சத்தம் வரும். இதுக்கும் மசியலைன்னா டயஃப்ரம், அதாவது அதிர்ந்து சத்தம் போடுற தகடு, துரு தின்னிருக்கும். அப்ப மாத்தலாம்.

தலவாக்கலை மைனர்:
நன்றி. கொலத்துக்கு எர்த் வயர் பிடித்ததும் முடக்குப் பிரச்சினை நின்றது. ஸ்குரூவுக்கு ஹோர்ன் மசியவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் ஹோர்ன் கிடைக்கிறது, ஆனால் ஒரே டெர்மினல். போடலாமா?

பண்டாரவளை வயரிங்:
நேரே போடக்கூடாது. ஒற்றை டெர்மினல் ஹோர்ன் தன் பாடி வழியாகவே எர்த் எடுக்கும். உங்கள் வண்டியில் லைவ் எப்போதும் நிற்பதால், மாட்டிய கணமே விடாமல் அலறும். இரண்டு டெர்மினல் உள்ளது கிடைத்தால் பழைய வயரையே மாட்டலாம். பொசிட்டிவ் எர்த் தடையில்லை. கொயில் ஹோர்னுக்கு எந்தப் பக்கம் பிளஸ் என்பது பொருட்டல்ல.

ஒற்றை டெர்மினல்தான் என்றால் நாலு கால் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று வேண்டும். அதன் கால்களில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும். பேட்டரியிலிருந்து 15 ஆம்ப் ஃபியூஸ் வழியாக 2 சதுர மில்லிமீட்டர் வயர் 30-க்கும் 86-க்கும்; பட்டன் வயர் 85-க்கு; 87 ஹோர்னுக்கு. ரிலேயின் மேல் டயோட் (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) குறி இருந்தால் வாங்காதீர்கள். பொசிட்டிவ் எர்த்தில் இந்த வயரிங்குக்கு அது தலைகீழாகி, பட்டனை அமுக்கியதும் எரிந்துவிடும். ஹோர்ன் பிரெக்கெட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெறும் தகரத்தில் இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். ஹோர்னின் வட்டு எதிலும் முட்டக்கூடாது, முட்டினால் குரல் அடைக்கும். வாய் கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்காது.

கம்ப்ரஸர் வைத்த எயார் ஹோர்ன் பக்கம் போக வேண்டாம். உங்கள் டைனமோ உச்சத்திலேயே 22 ஆம்ப்பைத் தாண்டாது. பனியில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும்போது அதில் மிச்சமே இருக்காது.

மாட்டிய பிறகு, எஞ்சின் ஐட்லிங்கில் ஹெட்லைட்டைப் போட்டு அடித்துப் பாருங்கள். ஐட்லிங்கில் டைனமோ சார்ஜ் தராது என்பதால், வோல்டேஜ் மிகவும் இறங்கும் நிலை அதுதான்.