புதிதாகப் பணிக்கு வந்த செவிலியர்கள்: மனத்தை விட்டு அகலாத ஓர் அனுபவத்தைப் பகிருங்கள்

இரவுப்பணிக்காரி

இன்சுலின் ஆணையில் "யூனிட்" என்று முழுமையாக எழுதாமல் "யு" (U) என்னும் ஆங்கில எழுத்தை மட்டும் போடுவதால் என்ன நேரும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் அதை விளக்கவில்லை. அன்றிரவு கேஸ் ஷீட்டில் இருந்தது 10 யூனிட்டா, 100 யூனிட்டா என்று பிரித்தறிய முடியாதபடி அந்த எழுத்து பூஜ்ஜியம் போலச் சுழித்து மூடப்பட்டிருந்தது. பணியில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த ஒரு செவிலியர் அதை எடுத்துக்கொண்டு பொறுப்புச் செவிலியரிடம் சென்றார். அவரோ தாளைப் பார்க்காமலேயே, "இதுகூடத் தெரியாமலா படித்து முடித்தாய்?" என்று கேட்டார். அந்தப் பெண் பதில் பேசவில்லை. மருந்தை சிரிஞ்சில் ஏற்றவும் இல்லை. ட்ராலியின் முன் மருந்துக் குப்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். வேறு வேலையாக அங்கு வந்த நான் அவருடன் சேர்ந்து மருத்துவரை அழைத்துக் கேட்டேன். பத்துதான்.

நோயாளிக்கு எதுவும் நேராததால் இது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. என்னை உறுத்துவது அதற்குப் பின் நடந்ததுதான். அந்தப் பொறுப்புச் செவிலியர் பணியில் இருந்த நாள்களில் அந்தப் பெண் யாரிடமும் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. "இப்போது நன்றாகத் தேறிவிட்டாள்" என்று அதையே அவர் பாராட்டாகச் சொன்னார்.

இன்னும்_புதியவள்

எனக்கு வாய்த்த வழிகாட்டிச் செவிலியர் வேறு மாதிரியானவர். அறுவை முடிந்து வந்த ஒரு நோயாளிக்கு இரத்த அழுத்தம் சரியாக இருந்தது; ஆனால் முழு ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தபோது சுவாசம் 28 இருந்தது. 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோயாளியின் நிலை மோசமாவதைக் காட்டும் எச்சரிக்கை மதிப்பெண் முறையில் அந்த ஓர் அளவுக்கே 3 மதிப்பெண் என்று பாடத்தில் படித்திருந்தும், நள்ளிரவில் மருத்துவரை எழுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. "நீங்களே பேசுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றவர், நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை என்று நான்கு வரிகளை முதலில் என்னை எழுத வைத்தார்.

மருத்துவர் எரிச்சலுடன் ஏதோ கேட்க, நான் பேச்சற்றுப் போனேன். வழிகாட்டியின் கை தொலைபேசியை நோக்கி உயர்ந்தது. பின்பு இறங்கி, என் தாளின் நான்காவது வரியைத் தொட்டது. "நீங்கள் இப்போதே நேரில் வந்து பார்க்க வேண்டும்" என்று அதை அப்படியே வாசித்தேன். மருத்துவர் வந்தார். வழிகாட்டியின் கை இறங்கிய அந்த நொடியைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

பழைய_வார்டு

முதல் பதிவரே, பொறுப்புச் செவிலியர் பேசியது தவறு; ஆனால் அந்த இரவில் அவர் தலையில் எத்தனை படுக்கைகள் இருந்தன என்பதை நீங்கள் எழுதவில்லை. என் வார்டிலும் ஒரு புதியவர் கழிவறையில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு வழிகாட்டியாக நியமிக்கப்பட்டவருக்கு மற்றவர்களைப் போலவே முழு எண்ணிக்கையில் நோயாளிகள் ஒதுக்கப்பட்டிருந்தனர்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். வழிகாட்டியின் நோயாளி எண்ணிக்கையைக் குறைக்காமல் "வழிகாட்டி" என்று பெயர் மட்டும் கொடுப்பது ஏமாற்று வேலை. இருவருக்கும் ஒரே பணிநேரத்தைப் போடுங்கள். ஆள் குறையும் போதெல்லாம் புதியவரை வேறு வார்டுக்கு அனுப்பாதீர்கள், ஏனென்றால் பொருள்கள் இருக்கும் இடத்தைத் தேடுவதிலேயே அவருடைய பொழுது கழிந்துவிடும். செவிலியர் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் விவரித்த செவிலியர் திறன் வளர்ச்சியின் ஐந்து படிநிலைகளில் புதிதாகத் தேர்ச்சி பெற்றவர் ஏறக்குறைய இரண்டாவதில் இருப்பவர். ஒவ்வொரு வேலையையும் தனித்தனியே செய்வார், எதை முதலில் செய்வது என்பதுதான் அவருக்குப் பிடிபடாது. ஆகவே பணி தொடங்கும்போதே, "இவர்களில் யாரை முதலில் பார்ப்பீர்கள், ஏன்?" என்று கேளுங்கள், விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பொட்டாசியம் குளோரைடு போன்ற, அளவு தவறினால் உயிருக்கே ஆபத்தான மருந்துகளுக்கு இரண்டாவது செவிலியர் தாமே தனியாகக் கணக்கிட வேண்டும். மூத்தவர் போட்ட கணக்கின் கீழ் புதியவர் கையெழுத்திடுவதற்குப் பெயர் சரிபார்ப்பு அன்று.

இரவுப்பணிக்காரி

ஆள் பற்றாக்குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளை ஒருமுறை பார்ப்பதற்கு, அந்தக் கேள்வியைக் கேட்க எடுத்த நேரம்கூட ஆகியிருக்காது. மேலும், "யாரை முதலில் பார்ப்பீர்கள்" என்ற உங்கள் கேள்வியும் அந்தப் பொறுப்புச் செவிலியரின் குரலில் கேட்கப்பட்டால் விசாரணையாகத்தான் இருக்கும்.

மூன்றாம்_மாடி

நான் பார்த்த முதல் மரணத்துக்குப் பின் உடலைத் தூய்மைப்படுத்தியபோது, ஒரு மூத்த செவிலியர் என்னுடன் நின்று, தாம் செய்யும் ஒவ்வொன்றையும் இறந்தவரிடம் பெயர் சொல்லி அறிவித்துக்கொண்டே செய்தார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. திரைச்சீலையை விலக்கி வெளியே வந்த உடனேயே, "நான்காம் படுக்கைக்கு மருந்து நேரமாகிவிட்டது" என்றார். இன்றும் எங்கள் வார்டில், முதல் மரணத்தைச் சந்தித்த புதியவரைச் சற்று நேரம் உட்கார வைத்துப் பேசுவதற்கு எழுதப்பட்ட விதி ஏதுமில்லை. அன்று யார் பொறுப்பில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அது நடக்கிறது.